சமையல் எண்ணெயின் எடை – கனவளவு மாற்றம்

சமையல் எண்ணெயின் எடை – கனவளவு மாற்றம் என்பது, கிலோகிராம் அல்லது கிராமில் தரப்பட்ட எண்ணெயின் அளவை லிட்டர் அல்லது மில்லிலிட்டராகவும், லிட்டரில் தரப்பட்டதைக் கிலோகிராமாகவும் மாற்றும் கணக்கீட்டு முறை ஆகும். எண்ணெயின் அடர்த்தியே இம்மாற்றத்துக்கு அடிப்படை. சமையல் எண்ணெய்கள் நீரை விட இலேசானவை. ஆகையால் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோகிராம் எடை கொண்டிருப்பதில்லை. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஒரு கிலோகிராம் எண்ணெயின் கனவளவு ஏறத்தாழ 1.1 லிட்டர்.

லிட்டரையும் கிலோகிராமையும் ஒன்றாகக் கொண்டால் ஏற்படும் பிழை ஏறத்தாழ 9 விழுக்காடு. எண்ணெய்க்கு எண்ணெய் அடர்த்தியில் காணப்படும் வேறுபாடு பெரும்பாலும் 1 விழுக்காட்டளவே. வெப்பநிலை 10 பாகை செல்சியசு (°செ) மாறினால் ஏற்படும் வேறுபாடு ஏறத்தாழ 0.7 விழுக்காடு. இம்மூன்றின் அளவையும் அறிந்தால், எந்தத் தேவைக்கு எவ்வளவு துல்லியம் போதும் என்பதை எளிதில் முடிவு செய்யலாம்.

அடிப்படைக் கருத்துகள்

ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை அல்லது திணிவு எனப்படும். இதன் அலகு கிலோகிராம். இயற்பியலில் எடை என்பது அந்நிறையின் மீது செயற்படும் ஈர்ப்பு விசையைக் குறிக்கும். எனினும் வணிகத்திலும் அன்றாட வழக்கிலும் நிறையே எடை என்று குறிப்பிடப்படுகிறது. இக்கட்டுரையிலும் எடை என்ற சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு கனவளவு அல்லது பருமன் ஆகும். நீர்மங்களின் கனவளவு லிட்டர், மில்லிலிட்டர் ஆகிய அலகுகளில் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டர் என்பது ஒரு கன சென்டிமீட்டர்.

நிறையைக் கனவளவால் வகுக்கக் கிடைப்பது அடர்த்தி. ஒரு பொருளின் அடர்த்திக்கும் நீரின் அடர்த்திக்கும் உள்ள விகிதம் ஒப்படர்த்தி. ஒப்படர்த்திக்கு அலகு இல்லை. இரண்டு அடர்த்திகளும் எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டன என்பதைக் குறிப்பிட்டால்தான் ஒப்படர்த்தி பொருளுடையதாகும்.

லிட்டரும் கிலோகிராமும்

ஒரு லிட்டர் ஒரு கிலோகிராமுக்குச் சமம் என்ற பரவலான கருத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெட்ரிக் முறை உருவானபோது, ஒரு லிட்டர் நீரின் நிறையே கிலோகிராமுக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. பின்னர், 1901 முதல் 1964 வரை, ஒரு கிலோகிராம் தூய நீர் தன் பெரும அடர்த்தி நிலையில் அடைத்துக்கொள்ளும் கனவளவே லிட்டர் என வரையறுக்கப்பட்டிருந்தது. 1964-இல் இவ்வரையறை கைவிடப்பட்டு, லிட்டர் என்பது ஒரு கன டெசிமீட்டரின் மறுபெயர் ஆனது. எவ்வாறாயினும் இத்தொடர்பு நீருக்கு மட்டுமே உரியது. எண்ணெய், பால், தேன் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. தேன் நீரை விட அடர்த்தி மிக்கது. ஆகவே ஒரு லிட்டர் தேன் ஒரு கிலோகிராமை விட மிகுதியான எடை கொண்டது. எண்ணெயில் இது நேர்மாறானது.

மாற்றும் முறை

மாற்றத்துக்கான வாய்பாடுகள் பின்வருமாறு:

எடை (கிலோகிராம்) = கனவளவு (லிட்டர்) × அடர்த்தி
கனவளவு (லிட்டர்) = எடை (கிலோகிராம்) ÷ அடர்த்தி

இங்கு அடர்த்தி லிட்டருக்குக் கிலோகிராம் என்ற அலகில் அமையும். மில்லிலிட்டருக்குக் கிராம் என்று கொண்டாலும் எண் மதிப்பு மாறாது. எனவே ஒரே வாய்பாட்டைக் கரண்டி அளவுக்கும் தொட்டி அளவுக்கும் பயன்படுத்தலாம்.

எடுத்துக்காட்டு 1: 5 லிட்டர் நிலக்கடலை எண்ணெயின் எடை: 5 × 0.91 = 4.55 கிலோகிராம்.

எடுத்துக்காட்டு 2: 15 கிலோகிராம் எண்ணெயின் கனவளவு: 15 ÷ 0.91 = 16.48 லிட்டர்.

மனக்கணக்கு

கிலோகிராமை லிட்டராக மாற்ற, அதனுடன் பத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். 15 கிலோகிராமுடன் 1.5-ஐக் கூட்டினால் 16.5 லிட்டர் கிடைக்கிறது. வாய்பாட்டின் விடையிலிருந்து இது மிகச் சிறிதளவே வேறுபடுகிறது.

லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற, பத்தில் ஒரு பங்கைக் கழித்து, நூற்றில் ஒரு பங்கைத் திரும்பக் கூட்ட வேண்டும். 5 லிட்டருக்கு: 5 − 0.5 + 0.05 = 4.55 கிலோகிராம். திருமணச் சமையலுக்கோ கடைக் கணக்குக்கோ இத்துல்லியம் போதுமானது.

எண்ணெய் வகைகளின் ஒப்படர்த்தி

உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் இணைந்து நிறுவிய கோடெக்சு உணவு நியம ஆணையம், தாவர எண்ணெய்களுக்கான நியமத்தில் ஒவ்வோர் எண்ணெய்க்கும் உரிய ஒப்படர்த்தி எல்லைகளைத் தந்துள்ளது. அவற்றுள் சில கீழே தரப்பட்டுள்ளன. எல்லா மதிப்புகளும் 20 °செ வெப்பநிலையிலுள்ள நீருடன் ஒப்பிட்டுப் பெறப்பட்டவை.

| எண்ணெய் | எண்ணெயின் வெப்பநிலை | ஒப்படர்த்தி |
|---|---|---|
| நிலக்கடலை எண்ணெய் | 20 °செ | 0.909 – 0.920 |
| நல்லெண்ணெய் (எள்) | 20 °செ | 0.915 – 0.924 |
| சூரியகாந்தி எண்ணெய் | 20 °செ | 0.918 – 0.923 |
| சோயா எண்ணெய் | 20 °செ | 0.919 – 0.925 |
| கடுகு எண்ணெய் | 20 °செ | 0.910 – 0.921 |
| தேங்காய் எண்ணெய் | 40 °செ | 0.908 – 0.921 |
| பனை எண்ணெய் (பாமாயில்) | 50 °செ | 0.891 – 0.899 |

பட்டியலைப் படிக்கும்போது இரண்டாவது நிரலைக் கவனிப்பது இன்றியமையாதது. பனை எண்ணெய் மற்றவற்றை விட மிகவும் இலேசானது போலத் தோன்றுவதற்குக் காரணம், அது 50 °செ வெப்பநிலையில் அளக்கப்பட்டிருப்பதே ஆகும். 20 °செ-இல் பனை எண்ணெய் பகுதி உறைந்த நிலையில் இருப்பதால், முழுவதும் உருகிய வெப்பநிலையில் அளக்க வேண்டியுள்ளது. தேங்காய் எண்ணெய்க்கும் இதே காரணத்தால் 40 °செ தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. மாறாக, ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெயே இப்பட்டியலில் அடர்த்தி மிக்கவற்றுள் ஒன்றாக அமைகிறது.

இவ்வேறுபாடுகளுக்குக் கொழுப்பு அமிலங்களின் அமைப்பே காரணம். கொழுப்பு அமிலச் சங்கிலி குறுகியதாக இருந்தாலும், அதில் இரட்டைப் பிணைப்புகள் மிகுந்திருந்தாலும் எண்ணெயின் அடர்த்தி கூடுகிறது. தேங்காய் எண்ணெயில் குறுகிய சங்கிலிகளும், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களில் இரட்டைப் பிணைப்புகளும் மிகுதி.

எண்ணெய்களின் ஒப்படர்த்தி எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், அடர்த்தியை மட்டும் அளந்து ஓர் எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்துள்ளதா என்று உறுதி செய்ய இயலாது.

வெப்பநிலையின் தாக்கம்

சூடேறும்போது எண்ணெய் விரிவடைகிறது. அதன் எடை மாறுவதில்லை. கனவளவு கூடுவதால் அடர்த்தி குறைகிறது. தாவர எண்ணெய்களின் அடர்த்தி ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ 0.67 கிராம் குறைகிறது. இதைப் பின்வரும் வாய்பாட்டால் குறிக்கலாம்:

வேண்டிய வெப்பநிலையில் அடர்த்தி = 20 °செ-இல் அடர்த்தி − 0.00067 × (வெப்பநிலை − 20)

20 °செ-இல் 0.919 அடர்த்தியுள்ள சூரியகாந்தி எண்ணெய், 35 °செ வெப்பநிலையில் 0.919 − 0.010 = 0.909 அடர்த்தி உடையதாகிறது.

சோயா எண்ணெயின் ஒரு லிட்டர் எடை 21 °செ-இல் 919.1 கிராம் என்றும், 60 °செ-இல் 892.6 கிராம் என்றும் இந்திய அரசு 2022-இல் எடுத்துக்காட்டியது. இவ்விரு மதிப்புகளுக்கும் இடைப்பட்ட வெப்பநிலைகளுக்குச் சீரான விகிதத்தில் கணக்கிட்டால் பின்வரும் பட்டியல் கிடைக்கிறது.

| வெப்பநிலை | ஒரு லிட்டர் சோயா எண்ணெயின் எடை |
|---|---|
| 21 °செ | 919.1 கிராம் |
| 30 °செ | 913.0 கிராம் |
| 40 °செ | 906.2 கிராம் |
| 50 °செ | 899.4 கிராம் |
| 60 °செ | 892.6 கிராம் |

இந்தியாவில் எண்ணெய் உறைகளில் பரவலாகக் காணப்படும் "1 லிட்டர் (910 கிராம்)" என்ற குறிப்பு, இக்கணக்கின்படி சோயா எண்ணெய்க்கு ஏறத்தாழ 34 °செ வெப்பநிலையில் சரியாக இருக்கும்.

எண்ணெயின் விரிவு சமையலறையிலும் புலப்படும். பொரிக்கும் வெப்பநிலையான 180 °செ அளவில் எண்ணெயின் அடர்த்தி ஏறத்தாழ 0.81 ஆகக் குறைகிறது. அதாவது குளிர்ந்த நிலையில் ஊற்றிய எண்ணெய், காய்ந்தபின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதலாக இடம் பிடிக்கிறது. பொரிக்கும் பொருளை இட்டவுடன் நுரை பொங்குவதும் இத்துடன் சேர்வதால், வாணலியை விளிம்பு வரை நிரப்புவது தீ விபத்துக்கு வழி வகுக்கும். தகர டின்களில் மேற்புறம் சிறிது வெற்றிடம் விடுவதற்கும் இவ்விரிவு ஒரு காரணம். 20 °செ-இல் 15 லிட்டராக இருந்த எண்ணெய், 40 °செ-இல் ஏறத்தாழ 15.2 லிட்டர் ஆகிறது.

உறையும் எண்ணெய்கள்

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 °செ-க்குக் கீழ் உறையத் தொடங்குகிறது. உதகமண்டலம், நுவரெலியா போன்ற மலை நகரங்களில் இது அன்றாடக் காட்சி. உறைந்த எண்ணெயினுள் காற்று இடைவெளிகள் அமைவதால், அதைக் குவளையாலோ கரண்டியாலோ அளந்து எடையாக மாற்றுவது நம்பத்தக்கதன்று. உறைந்த எண்ணெயை நிறுத்து எடுக்க வேண்டும். அல்லது முழுவதும் உருக்கிய பின் அளக்க வேண்டும். நெய், வனசுபதி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

மாற்று அட்டவணை

கீழுள்ள அட்டவணை லிட்டருக்கு 0.91 கிலோகிராம் என்ற அடர்த்தியைக் கொண்டு கணக்கிடப்பட்டது. 30 °செ அளவிலான அறை வெப்பநிலையில் பொதுவான சமையல் எண்ணெய்கள் அனைத்துக்கும் இது ஏறத்தாழ 1 விழுக்காட்டுத் துல்லியத்துடன் பொருந்தும்.

| எடை | கனவளவு |
|---|---|
| 100 கிராம் | 110 மில்லிலிட்டர் |
| 250 கிராம் | 275 மில்லிலிட்டர் |
| 500 கிராம் | 549 மில்லிலிட்டர் |
| 1 கிலோகிராம் | 1.10 லிட்டர் |
| 2 கிலோகிராம் | 2.20 லிட்டர் |
| 5 கிலோகிராம் | 5.49 லிட்டர் |
| 15 கிலோகிராம் | 16.48 லிட்டர் |

| கனவளவு | எடை |
|---|---|
| 5 மில்லிலிட்டர் (தேக்கரண்டி) | 4.6 கிராம் |
| 15 மில்லிலிட்டர் (மேசைக்கரண்டி) | 13.7 கிராம் |
| 200 மில்லிலிட்டர் | 182 கிராம் |
| 500 மில்லிலிட்டர் | 455 கிராம் |
| 750 மில்லிலிட்டர் | 683 கிராம் |
| 1 லிட்டர் | 910 கிராம் |
| 5 லிட்டர் | 4.55 கிலோகிராம் |
| 15 லிட்டர் | 13.65 கிலோகிராம் |

அடர்த்தியைக் கண்டறிதல்

ஆய்வகங்களில் ஒப்படர்த்திக் குப்பி அல்லது திரவமானி கொண்டு எண்ணெயின் அடர்த்தி அளக்கப்படுகிறது. ஒப்படர்த்திக் குப்பியின் தத்துவத்தை வீட்டிலும் பின்பற்றலாம். இதற்கு ஒரு மின்னணுத் தராசும், குறுகிய கழுத்துள்ள ஒரு கண்ணாடிக் குப்பியும் போதும்.

1. உலர்ந்த வெற்றுக் குப்பியை நிறுக்க வேண்டும். (எ.கா: 120 கிராம்)
2. கழுத்தில் ஓர் அடையாளமிட்டு, அதுவரை நீர் ஊற்றி நிறுக்க வேண்டும். (எ.கா: 620 கிராம்)
3. நீரைக் கொட்டிக் குப்பியை நன்கு உலர்த்தி, அதே அடையாளம் வரை எண்ணெய் ஊற்றி நிறுக்க வேண்டும். (எ.கா: 577 கிராம்)
4. எண்ணெயின் எடையை நீரின் எடையால் வகுக்க வேண்டும்: 457 ÷ 500 = 0.914.

கிடைத்த விடை ஒப்படர்த்தி ஆகும். நீரும் எண்ணெயும் 30 °செ-இல் இருந்திருந்தால், அவ்வெப்பநிலையில் நீரின் அடர்த்தியான 0.9957-ஆல் பெருக்கி எண்ணெயின் அடர்த்தியைப் பெறலாம்: 0.914 × 0.9957 = 0.910.

குறுகிய கழுத்து தேவைப்படுவதற்குக் காரணம், அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் மட்டம் சிறிது மாறினாலும் கனவளவு பெரிதும் மாறிவிடும் என்பதே. எடுக்கும் எண்ணெயின் அளவும் முக்கியமானது. தராசு ஒரு கிராம் பிழை காட்டினால், 457 கிராம் எண்ணெயில் அது 0.2 விழுக்காடு மட்டுமே. 50 கிராம் எண்ணெயில் அதே பிழை 2 விழுக்காடு ஆகிவிடுகிறது. எண்ணெய் வகைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை விட அது பெரிது.

மரபு அளவைகள்

தமிழ்நாட்டில் எண்ணெயும் நெய்யும் நெடுங்காலம் முகத்தல் அளவையாலேயே அளக்கப்பட்டன. ஒரு நாழி (படி) இரண்டு உரி, நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு என்பது மரபான வாய்பாடு. கோயில் நந்தா விளக்குகளுக்கு நாள்தோறும் அளிக்க வேண்டிய நெய், சோழர் காலக் கல்வெட்டுகளில் உழக்குக் கணக்கில் குறிக்கப்பட்டுள்ளது. நிறுத்தல் அளவையில் பலம், வீசை, மணங்கு ஆகியன வழங்கின. 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு.

படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆகவே ஒரு படி எண்ணெய் இத்தனை பலம் என்ற பொது மாற்று விகிதம் எல்லா இடத்துக்கும் பொருந்தக்கூடியதாக இருக்கவில்லை. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தின் கீழ், மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

இலங்கையில் தேங்காய் எண்ணெய் போத்தல் கணக்கில் விற்கப்படும் வழக்கம் உண்டு. ஒரு போத்தல் என்பது 750 மில்லிலிட்டர். 30 °செ-இல் தேங்காய் எண்ணெயின் அடர்த்தியை ஏறத்தாழ 0.92 எனக் கொண்டால், ஒரு போத்தல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 690 கிராம். ஆகையால் ஒரு போத்தலின் விலையை ஒரு கிலோகிராமின் விலையுடன் ஒப்பிட, போத்தல் விலையை 0.69-ஆல் வகுக்க வேண்டும்.

சட்டமும் உறைக் குறிப்பும்

இந்தியாவில் உறையிட்ட எண்ணெயின் அளவுக் குறிப்பு, 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. சமையல் எண்ணெயின் நிகர அளவை எடையிலோ கனவளவிலோ குறிப்பிடலாம். கனவளவில் குறிப்பிட்டால் அதற்கு இணையான எடையையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.

இவ்விதியில் வெப்பநிலை ஒரு சிக்கலாக எழுந்தது. சில நிறுவனங்கள் "60 °செ-இல் 1 லிட்டர்" என்பது போன்ற குறிப்புடன் எண்ணெயை உறையிட்டன. 60 °செ-இல் ஒரு லிட்டராக உள்ள எண்ணெய், கடையின் வெப்பநிலையில் ஒரு லிட்டருக்குக் குறைவாகவே இருக்கும். மேலே குறிப்பிட்ட சோயா எண்ணெயின் மதிப்புகளைக் கொண்டு பார்த்தால், 21 °செ-க்கும் 60 °செ-க்கும் இடையிலான வேறுபாடு லிட்டருக்கு 26.5 கிராம். இது ஏறத்தாழ 2.9 விழுக்காடு. நூறு உறைகள் வாங்கும் ஒருவர், விலையில் மாற்றமின்றி ஏறத்தாழ மூன்று உறை எண்ணெயை இழக்கிறார். உறையில் அச்சிட்ட எண் பொய்யானதன்று. ஆயினும் அதன் பொருள் வாங்குபவருக்கு விளங்கும் வகையில் இல்லை.

இதையடுத்து 2022 ஆகஸ்டு மாதத்தில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, எண்ணெய் உற்பத்தியாளர்களும் உறையிடுவோரும் இறக்குமதியாளரும் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவைக் கனவளவிலும் எடையிலும் குறிக்க வேண்டும் என்றும், குறிக்கப்பட்ட எடை சரியாக இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. உறைக் குறிப்புகளைத் திருத்திக்கொள்ள 2023 சனவரி 15 வரை காலம் அளிக்கப்பட்டது. எடை வெப்பநிலையால் மாறுவதில்லை என்பதால், எடைக் குறிப்பைச் சரிபார்ப்பதே எளிய கண்காணிப்பு முறை ஆகும்.

ஐரோப்பிய நாடுகள் இச்சிக்கலை வேறு வழியில் அணுகின. உறையிட்ட பொருள்கள் குறித்த 1976-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை, எந்த வெப்பநிலையில் நிரப்பினாலும் சோதித்தாலும், கனவளவு என்பது 20 °செ-இல் உள்ள கனவளவையே குறிக்கும் என வரையறுத்தது. வெப்பநிலை ஒன்றாக நிலைநிறுத்தப்பட்டதால், அங்கு லிட்டர் என்ற சொல்லே தெளிவான பொருள் பெறுகிறது.

உறையின் அளவும் கவனத்துக்குரியது. இந்தியாவில் எண்ணெய் உள்ளிட்ட சில பொருள்களைக் குறிப்பிட்ட நிலையான அளவுகளில் மட்டுமே உறையிட வேண்டும் என்றிருந்த விதி, 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. அதன் பின்னர் 1 லிட்டர் உறையின் தோற்றத்தை ஒத்த 800 கிராம், 850 கிராம் உறைகளும் சந்தைக்கு வந்தன. 800 கிராம் என்பது ஏறத்தாழ 880 மில்லிலிட்டர் மட்டுமே.

விலை ஒப்பீடு

லிட்டர் கணக்கில் விற்கப்படும் எண்ணெயையும் கிலோகிராம் கணக்கில் விற்கப்படும் எண்ணெயையும் ஒப்பிட, இரண்டையும் ஒரு கிலோகிராமின் விலைக்கு மாற்றுவது நல்லது. உறையின் விலையை அதில் அச்சிட்டுள்ள கிராம் எண்ணால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் இது கிடைக்கும்.

ஒரு கடையில் 1 லிட்டர் (910 கிராம்) உறை 182 ரூபாய் என்றும், மற்றொரு கடையில் 1 கிலோகிராம் 195 ரூபாய் என்றும் கொள்வோம். முதலாவது மலிவாகத் தோன்றும். ஆனால் 182 ÷ 910 × 1000 = 200 ரூபாய். எனவே கிலோகிராமுக்கு 195 ரூபாய் என விற்கும் கடையே மலிவானது.

டின்களிலும் இத்தகைய குழப்பம் உண்டு. 15 கிலோகிராம் டின்னும் 15 லிட்டர் டின்னும் தோற்றத்தில் ஒத்திருக்கலாம். ஆனால் 15 லிட்டர் டின்னில் உள்ள எண்ணெய் 13.65 கிலோகிராம் மட்டுமே. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 1.35 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் மாதக் கணக்கில் இது பெருந்தொகை ஆகும்.

மொத்த வணிகம்

பன்னாட்டு வணிகத்தில் எண்ணெய் எடைக் கணக்கிலேயே விலை பேசப்படுகிறது. மலேசியாவின் பனை எண்ணெய் முன்பேர வணிகத்தில் விலை டன்னுக்கு இத்தனை ரிங்கிட் என்றும், சிகாகோவின் சோயா எண்ணெய் முன்பேர வணிகத்தில் பவுண்டு எடைக்கு இத்தனை சென்ட் என்றும் குறிக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஒரு கேலன் சோயா எண்ணெய் 7.7 பவுண்டு என்ற மாற்று விகிதம் வழக்கில் உள்ளது. இது லிட்டருக்கு 0.92 கிலோகிராம் என்பதற்கு இணையானது.

கப்பல்களிலும் சேமிப்புத் தொட்டிகளிலும் உள்ள ஆயிரக்கணக்கான டன் எண்ணெயைத் தராசில் நிறுக்க முடியாது. எனவே தொட்டியில் எண்ணெய் மட்டத்தின் உயரம் அளக்கப்படுகிறது. தொட்டிக்குரிய அளவீட்டு அட்டவணையிலிருந்து அதன் கனவளவு பெறப்படுகிறது. பின்னர் எண்ணெயின் வெப்பநிலையை அளந்து, அதற்குரிய அடர்த்தியால் பெருக்கி எடை கணக்கிடப்படுகிறது. 1000 டன் எண்ணெயில் வெப்பநிலையை ஒரு பாகை தவறாக அளந்தால், கணக்கில் ஏறத்தாழ 0.7 டன் பிழை ஏற்படும்.

இக்கணக்கில் காற்றின் மிதப்பு விசையும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. காற்றில் நிறுக்கும்போது ஒரு லிட்டர் எண்ணெய், அதன் உண்மை நிறையை விட ஏறத்தாழ ஒரு கிராம் குறைவாகக் காட்டும். வீட்டுப் பயன்பாட்டில் இதைப் புறக்கணிக்கலாம்.

ஆலைகளில் எண்ணெயை உறையிடும் பொறிகளில் இரு வகை உண்டு. ஒரு வகை, குறிப்பிட்ட கனவளவை அளந்து ஊற்றுகிறது. மற்றொரு வகை, நிறுத்து ஊற்றுகிறது. முதல் வகைப் பொறியில் எண்ணெயின் வெப்பநிலைக்கு ஏற்ப அமைப்பை மாற்றாவிட்டால் ஒவ்வோர் உறையின் எடையும் மாறும்.

பிழைகள் நேரும் பிற இடங்கள்

செக்கு எண்ணெய்: நிலக்கடலை, எள், கொப்பரை ஆகியவற்றைக் கொடுத்து ஆட்டி வாங்கும்போது, வித்து கிலோகிராமிலும் எண்ணெய் லிட்டரிலும் கணக்கிடப்படுவதுண்டு. 10 கிலோகிராம் நிலக்கடலையிலிருந்து 4 கிலோகிராம் எண்ணெய் கிடைத்தால், அது 4.4 லிட்டர். எண்ணெய் விழுக்காடு 40 ஆகும், 44 அன்று. இரு செக்குகளின் விளைச்சலை ஒப்பிடும்போது இரண்டையும் எடையிலேயே கணக்கிட வேண்டும்.

ஊட்டச்சத்துக் கணக்கு: ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரி ஆற்றல் தருகிறது. 100 கிராம் எண்ணெய் 900 கிலோகலோரி தரும். 100 மில்லிலிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 820 கிலோகலோரி மட்டுமே தரும். ஒரு மேசைக்கரண்டி (15 மில்லிலிட்டர்) எண்ணெயில் ஏறத்தாழ 123 கிலோகலோரி உள்ளது. இரு உறைகளின் ஊட்டச்சத்துப் பட்டியலை ஒப்பிடும் முன், அவை 100 கிராமுக்கா 100 மில்லிலிட்டருக்கா என்று பார்க்க வேண்டும்.

சமையல் குறிப்புகள்: குவளை என்ற அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. 240 மில்லிலிட்டர் குவளையில் 218 கிராம் எண்ணெயும், 250 மில்லிலிட்டர் குவளையில் 228 கிராம் எண்ணெயும் கொள்ளும். தாளிப்பில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று; அணிச்சல் போன்ற அடுதல் பண்டங்களில் அது பதத்தை மாற்றக்கூடும்.

சவர்க்காரம் செய்தல்: வீட்டில் தேங்காய் எண்ணெய் கொண்டு சவர்க்காரம் செய்வோருக்கு இம்மாற்றம் மிக முக்கியமானது. ஒரு கிலோகிராம் தேங்காய் எண்ணெயைச் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 183 கிராம் சோடியம் ஐதராக்சைடு தேவை. ஒரு லிட்டரை ஒரு கிலோகிராம் எனக் கொண்டு இதே அளவைச் சேர்த்தால், உண்மையில் இருப்பது 920 கிராம் எண்ணெய் மட்டுமே என்பதால், ஏறத்தாழ 15 கிராம் காரம் வினைபுரியாமல் எஞ்சும். அத்தகைய சவர்க்காரம் தோலைப் புண்ணாக்கும். ஆகவே சவர்க்காரத் தொழிலில் எண்ணெய் எப்போதும் நிறுத்தே எடுக்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- அடர்த்தி
- ஒப்படர்த்தி
- வெப்ப விரிவு
- மெட்ரிக் முறை
- தமிழர் அளவை முறைகள்
- தாவர எண்ணெய்